அரையிறுதி அன்று நான் இழுத்த கயிறு

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தியாவும் பாகிஸ்தானும் உலகக் கோப்பையில் ஆடுகின்றன. ஆட்டம் ஆஸ்திரேலியாவில் என்பதால் நமக்குக் காலையிலேயே தொடங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டை டீக்கடைகளில் ஒரு வாரமாக வேறு பேச்சு இல்லை. போன திங்கட்கிழமை அப்படி ஒரு கடையில் நின்றபோது, நான் வேலை பார்த்த கார் சீட் கம்பெனிப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மேட்ச் அன்று லைன் நின்றதாமே, நிறுத்தியது நீங்கள்தானாமே, எழுதிக் கொடுங்கள், தொழிலாளர் ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள்.

நாலு பேர் முன்னால் வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. எழுதச் சொன்னதால் ஒப்புக்கொண்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எழுத்துப்பிழைகளை என் மகள் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை.

நான் உள்ளூர்க்காரன். பெயர் ஏழுமலை. 2006-ல் காண்டிராக்டில் லோடு ஏற்றுகிற ஆளாக அந்தக் கம்பெனிக்குள் போனேன். கார்களுக்கு சீட் செய்கிற கம்பெனி. செய்த சீட்டுகள் லாரியில் கார் கம்பெனிக்குப் போகும். அங்கே எந்த நிறக் கார் முதலில் வருகிறதோ அந்த நிற சீட் முதலில் இறங்க வேண்டும். வரிசை தப்பக் கூடாது, நேரமும் தப்பக் கூடாது. அந்த வரிசை எனக்கு மனதில் நன்றாக நின்றதால் ஒரு வருஷத்தில் லைனுக்குள் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ரிலீவர் ஆக்கினார்கள். கடைசி வரைக்கும் அதுதான் என் வேலை.

ரிலீவர் என்றால் என்ன என்று வெளி ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லைனில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ஆள். லைன் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவருக்குத் தண்ணீர் குடிக்கவோ பாத்ரூம் போகவோ வேண்டுமானால், தலைக்கு மேலே இருக்கிற சுவிட்சைப் போடுவார். பச்சை விளக்கு எரியும். நான் போய் அவர் இடத்தில் நிற்பேன். அவர் வந்ததும் அடுத்த பச்சை விளக்குக்குப் போவேன். எனக்கென்று ஒரு இடம் கிடையாது. அதிகம் பேசாதவனுக்கு அது பிடித்த வேலை. ஒருவர் பேச்சை ஆரம்பிப்பதற்குள் அடுத்த விளக்கு எரிந்துவிடும்.

பச்சை விளக்கைத் தவிர, லைன் நெடுக மேலே ஒரு சிவப்புக் கயிறு ஓடும். தப்பான சீட்டைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்தால் லைன் நிற்கும், ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும், எந்த இடத்தில் இழுத்தார்களோ அந்த நம்பர் போர்டில் சிவப்பாக விழும். லைனுக்கு மேலே ஒரு போர்டு. சாப்பிடப் போன சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டும் என்று கேன்டீனிலும் ஒன்று. அடுத்த நாள் ஷிஃப்ட் தொடங்கும் முன் நடக்கிற கூட்டத்தில், கயிறு இழுத்தவரை முன்னால் கூப்பிட்டு எல்லோரும் கை தட்டுவார்கள். அது கம்பெனியின் வழக்கம். தட்டுவதைத் தட்டிவிட்டு, லைனை நிறுத்தித் தன் டீ நேரத்தைக் கெடுத்தவனை ரெண்டு நாள் முறைப்பார்கள். அது எங்கள் வழக்கம்.

எங்கள் ஷிஃப்டுக்குப் பொறுப்பு தனசேகர் சார். டிப்ளமோ படித்தவர், வேலூர்ப் பக்கம். சீட்டைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார், துணியில் கீறல் விழக்கூடாது என்று. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே ஒரு சொல்தான்: "காட்டு." காட்டாமல் எதையும் நம்ப மாட்டார். காட்டிவிட்டால் அப்புறம் யாரையும் எதையும் கேட்க மாட்டார். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவர் 'ப்பா' போட்டுப் பேசினால் ஏதோ நடக்கப் போகிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

அவர் அடிக்கடி சொன்ன ஒரு விதி ஏழாவது இடத்தைப் பற்றியது. அங்கேதான் சீட்டின் அடி ஃப்ரேமில், சீட் பெல்ட்டைக் குத்திப் பூட்டுகிற பக்கிளை போல்ட் போட்டு முடுக்குவார்கள். முதலில், காற்றில் சுழல்கிற ஏர் கன்னால் போல்ட்டைப் பாதிவரை ஏற்ற வேண்டும். அப்புறம் டார்க் ரெஞ்ச். நீளமான கைப்பிடி உள்ள ரெஞ்ச் அது. வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டக்' என்று கையில் ஒரு அடி அடிக்கும். டக் கேட்டதும், போல்ட்டிலிருந்து ஃப்ரேமுக்கு மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் முடுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வழியில் யாரும் அந்த போல்ட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் தனசேகர் சார் சொல்வார், டக் கேட்ட கைதான் கோடு போட வேண்டும், வேறு கை போடக் கூடாது என்று.

ஏழாவதில் நின்றவன் காஜா மைதீன். கடையநல்லூர்ப் பையன், அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். நாலாவதில் நின்றவன் பேச்சிமுத்து, அம்பாசமுத்திரம். இருவரும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூம். ஞாயிற்றுக்கிழமை தண்டலம் பக்கத்து மைதானத்தில் ஒரே டீமில் ஆடுவார்கள். பேச்சிமுத்துதான் டீமைக் கட்டினவன், வாய் அதிகம். காஜா நல்ல பந்து போடுவான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு கிரிக்கெட் தெரியாது. தெரிந்ததெல்லாம் காஜா சொன்னது. மற்றவர்கள் பச்சை விளக்குப் போட்டால் நேராக வெளியே போவார்கள். காஜா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே நின்றுகொள்வான். நான் முடுக்கிக்கொண்டிருப்பேன், அவன் நேற்றைய ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பான். பந்து எங்கே விழுந்தது, அடித்தவன் கால் எங்கே இருந்தது, ஃபீல்டரை எங்கே தள்ளி நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் கேட்டேன், இதையெல்லாம் ரூமில் சொல்லலாமே, எனக்குத்தான் பாதி புரியவில்லையே என்று. "அதுக்குத்தாம்ணே உங்ககிட்ட சொல்லுதேன்" என்றான்.

2011-ல் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. அரையிறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதுவதென்று முடிவானதும் லைனே மாறிவிட்டது. ஆட்டம் புதன்கிழமை மத்தியானம், சரியாக எங்கள் ஷிஃப்ட் நேரத்தில். லீவு கேட்காத ஆளே இல்லை. இல்லாத பாட்டிகளுக்கெல்லாம் உடம்பு சரியில்லாமல் போனது. கார் கம்பெனிக்காரர்கள் அன்றைக்கு லைன் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஓட்டினால் நாங்களும் ஓட்டியாக வேண்டும்.

பேச்சிமுத்து ஒரு யோசனை சொன்னான். மற்ற வேலையெல்லாம் வரிசைப்படி அந்தந்த நேரத்தில் செய்ய வேண்டியது. ஆனால் அடி ஃப்ரேம் எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான். அதை முன்கூட்டியே பக்கிள் போட்டுக் கட்டி ரேக்கில் அடுக்கிவிட்டால், மேட்ச் அன்று பாதி ஆட்கள் லைனைப் பார்த்துக்கொள்ள, பாதி ஆட்கள் கேன்டீனில் டிவி பார்க்கலாம். பாகிஸ்தான் ஆடும்போது மாற்றிக்கொள்ளலாம். தனசேகர் சார் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில், கட்டுங்கள், ஆனால் ஒழுங்காகக் கட்டுங்கள் என்றார். கேன்டீனில் பெரிய டிவி வைக்கவும் மேலே பேசி அனுமதி வாங்கினார். டிவியை போர்டுக்கு நேர் கீழே வைத்தார்கள்.

சனி, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் டீ நேரத்தில் பேச்சிமுத்தும் அவன் ஆட்களும் ஏழாவது இடத்தில் ஃப்ரேம் கட்டினார்கள். பேச்சு முழுக்க புதன்கிழமையைப் பற்றித்தான். யார் முதலில் ஆடினால் நல்லது, யார் எத்தனை அடிப்பார்கள், தோற்றால் எத்தனை பேர் மொட்டை. காஜா அங்கே நின்றால் பேச்சு கொஞ்சம் திரும்பும்.

"ஏல காஜா, உங்க ஆளுங்க பவுலிங் இந்தத் தடவ எப்படில?" என்று பேச்சிமுத்து கேட்டான். வம்புக்குக் கேட்டதுதான். அதில் விஷமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். காஜாவும் சிரித்தான். சிரித்துவிட்டு, கையில் இருந்த ரெஞ்சைக் கொக்கியில் மாட்டினான். பிறகு அதையே எடுத்துத் திரும்பவும் மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை, யார் எப்போது டிவி பார்ப்பது என்று பேச்சிமுத்து பிரித்துக்கொண்டிருந்தபோது, காஜா தானாகவே சொன்னான், நான் ரெண்டு பாதியும் லைனில் நிற்கிறேன், என் இடத்தில் வேறு யாராவது பாருங்கள் என்று. ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டினார்கள். நீ மனுசன்ல என்றான் பேச்சிமுத்து. அன்று பச்சை விளக்கு எரிந்து நான் அவன் இடத்துக்குப் போனதும் கேட்டேன். எனக்குப் பொதுவாகக் கேட்கிற பழக்கம் கிடையாது.

"இன்னாப்பா, நீ பாக்கலியா? உனுக்குத்தான அது உசுரு?"

அவன் பாட்டிலைத் திறந்தான், குடிக்கவில்லை.

"அங்க போயி உக்காந்தா அவங்க டிவிய பாக்க மாட்டாங்கண்ணே. என்னயப் பாப்பாங்க. நம்மாளு அவுட்டானா எம் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாப்பாங்க. அவங்காளு அவுட்டானா நான் எவ்வளவு சத்தமா கத்துதேன்னு பாப்பாங்க. எந்த அளவுக்குக் கத்தினா சரியா இருக்கும்னு எனக்குத் தெரியலண்ணே. அதுக்கு இங்கயே நின்னுரலாம்."

ஆட்கள் முன்னால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒதுங்குகிறவன் நான். ஆனால் அது என் சுபாவம். அவனுக்கு அப்படி ஒரு சுபாவமே கிடையாது. வேறு எந்த நாட்டோடு ஆடினாலும் முதல் பெஞ்சில் உட்காருகிறவன் அவன்.

புதன்கிழமை இந்தியா முதலில் ஆடியது. கேன்டீனிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் காஜா ஒரு நொடி தலையைச் சாய்த்துக் கேட்பான். சத்தத்தை வைத்தே, இது நாலு, இது கேட்ச் விட்டுவிட்டான் என்று எனக்குச் சொல்வான். ஆட்கள் குறைவு என்பதால் நான் அன்று ரிலீவர் வேலை பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்த எட்டாவது இடத்தில் நின்றேன். எட்டாவதில் தலை சாய்க்கிற ஹெட்ரெஸ்ட் மாட்டுகிற வேலை. அவனுக்கு ரேக்கிலிருந்து கட்டிய ஃப்ரேமை எடுத்து சீட்டுக்குக் கீழே வைக்கிற வேலை. முடுக்க வேண்டியதில்லை, கோடு ஏற்கெனவே போட்டிருந்தது.

பாகிஸ்தான் ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். காஜா ஒரு ஃப்ரேமை எடுத்தவன் வைக்காமல் நின்றான். பக்கிளை விரலால் தள்ளினான். அது ஆடியது. முடுக்கிய பக்கிள் அப்படி லேசாக ஆடாது. ரெஞ்சை எடுத்து வைத்தான். டக் வரவில்லை, போல்ட் சுற்றியது. நல்ல சுற்று. அதன் மேல் மஞ்சள் கோடு சுத்தமாக இருந்தது. அடுத்த ஃப்ரேமை எடுத்தான், வைத்ததும் டக். அதற்கடுத்தது மறுபடியும் சுற்றியது.

நான் என் சீட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் போனேன். எது முடுக்கியது, எது முடுக்காதது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. எல்லாவற்றிலும் கோடு. ரேக்கில் பாதி காலியாகியிருந்தது. எடுத்ததெல்லாம் சீட்டாகி, அதில் ஒரு லாரி கிளம்பிப் போயிருந்தது. அந்த சீட்டில் உட்கார்ந்து ஒருவர் பெல்ட் போட்டுக்கொண்டு பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

காஜாவின் கை மேலே போனது. கயிற்றுக்கு ஒரு சாண் கீழே நின்றது. நின்றது நின்றதுதான்.

"இழுப்பா" என்றேன்.

"போர்டுல ஏழுன்னு விழும்ணே" என்றான். கேன்டீன் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "டிவிக்கு மேலயே விழும். இன்னைக்குப் பாத்து, இந்த மேட்ச்சுல, பாகிஸ்தான் ஆடயில…"

ரெண்டு பேரும் நின்றோம். லைன் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு சீட் எங்களைத் தாண்டி வேலை முடியாமலே போனது. கேன்டீனில் திடீரென்று பெரிய சத்தம், விசில். ஒரு விக்கெட். காஜா அதைக் கேட்கவே இல்லை.

நான் எட்டாவது இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கே கயிற்றை இழுத்தேன்.

அதுவரை எத்தனையோ பேர் இழுத்துப் பார்த்திருக்கிறேன், நான் இழுத்ததில்லை. ரிலீவர் யார் இடத்திலோ நிற்கிறவன், அவன் எதற்கு இழுப்பது என்று இருந்துவிடுவேன். லைன் நின்றது. மெட்டு ஒலித்தது. கேன்டீனில் விசில் சத்தம் அப்படியே குறைந்து, பிறகு ஒரு பெரிய முனகல் வந்தது.

தனசேகர் சார் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். வரும்போதே கடிகாரத்தைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பக்கிள் சார், என்று மட்டும் சொன்னேன்.

"காட்டு."

காட்டினேன். அவரே ரெஞ்சை வாங்கி நாலைந்து ஃப்ரேமில் வைத்துப் பார்த்தார். நகத்தால் ஒரு மஞ்சள் கோட்டைச் சுரண்டினார். காஜா தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றான், இப்போதுதான் வந்தவன் மாதிரி. சார் மேலே போர்டைப் பார்த்தார். எட்டு எரிந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"எட்டுல ஏதுப்பா பக்கிளு?" என்றார், மெதுவாக.

நான் தரையைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. செல்லை எடுத்து கார் கம்பெனிக்குப் பேசினார், லாரியை இறக்க வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று. பிறகு கேன்டீனுக்குப் போனார். டிவியை அணைப்பார் என்று நினைத்தேன், அணைக்கவில்லை. இன்ன விஷயம், இத்தனை சீட்டையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், வருகிறவர்கள் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் வந்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னைக்குன்னு பாத்து உமக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு, அண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து. "நாளைக்குத் தெரிஞ்சா ஆகாதா?"

ஒரு ரெஞ்சை அவனிடம் நீட்டினேன். அவன் வெறுப்போடு வாங்கி, முதல் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். டக். ரெண்டாவது, டக். "எல்லாம் சரியாத்தான இருக்கு" என்று மூன்றாவதில் வைத்தான். அது சுற்றியது. அவன் கை அப்படியே நின்றது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான். பிறகு நாலாவது சீட்டைத் தானாகவே இழுத்துக் கவிழ்த்தான்.

என்ன நடந்தது என்று அவனே பிறகு சொன்னான். டீ நேரத்துக்குள் நிறைய கட்ட வேண்டும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஏர் கன்னால் ஏற்றிக்கொண்டே போக, பேச்சிமுத்து ரெஞ்சோடு பின்னால் வர, இன்னொருவன் பேனாவோடு கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். டீ நேரம் முடிந்து சங்கு ஊதியதும், பேனாக்காரன் மிச்சத்தை முடித்துவிடலாம் என்று வரிசை முழுக்க இழுத்துவிட்டான். ரெஞ்ச் பாதி வழியில் நின்றிருந்தது. மூன்று நாளில் எந்த நாள் இது நடந்தது, எத்தனை தடவை நடந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. பேச்சு மேட்ச்சைப் பற்றி, கை பாட்டுக்கு வேலை.

அன்று அங்கே இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். சீட்டுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. ஆளுக்கொரு ரெஞ்ச் இல்லாததால் ஒன்றை நாலு பேர் கை மாற்றுகிறார்கள். யாரோ ஒருவன் செல்போன் ரேடியோவைச் சட்டைப் பையில் வைத்து ஓட விட்டிருக்கிறான். டக், டக், ஸ்கோர், டக். சுற்றினால் உடனே சிவப்பு அட்டை கட்ட வேண்டும். விக்கெட் விழுந்தால் ஒரு நொடி எல்லாக் கையும் நிற்கும், பிறகு தொடரும். பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, டக் கேட்ட கையே புதுக் கோடு போட வேண்டும் என்று தனசேகர் சார் நின்று பார்த்துக்கொண்டார். சுற்றியவை சிலதான். ஆனால் அந்தச் சிலதைக் கண்டுபிடிக்க அத்தனையையும் தொட வேண்டியிருந்தது.

காஜா ஒரு மூலையில் தலையைத் தூக்காமல் வேலை செய்தான். ஒருவரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை, கயிற்றை இழுத்தது எட்டில்.

பிறகு சார் என்னையும் காஜாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு கார் கம்பெனிக்குப் போனார். போகும் வழியெல்லாம் என் பயம் ஒன்றுதான், லாரியை இறக்கியிருப்பார்கள், சீட் காருக்குள் போயிருக்கும், பிறகு எந்தக் கார் என்று தேட வேண்டும். அங்கே போய்ப் பார்த்தால் லாரி நின்றபடி நிற்கிறது, கதவே திறக்கவில்லை. நாங்கள் போன் பண்ணியதால் இல்லை. சார் போனில் சொன்ன செய்தி லாரி இறக்குகிறவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. லோடு இறக்குகிற ஆட்கள் செக்யூரிட்டி அறையில் ஒரு சின்ன டிவி முன்னால் கூடியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், இதோ இறக்கிவிடுகிறோம் சார், கோபப்படாதீர்கள் என்று எழுந்து ஓடி வந்தார்கள். தனசேகர் சார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லாரிக்குள்ளேயே டார்ச் அடித்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தோம். காஜா முடுக்க, நான் விளக்குப் பிடித்தேன். அதிலும் சுற்றியவை இருந்தன.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் வேன் நகரவில்லை. ரோட்டில் பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள், வெடி வெடித்தது. இந்தியா ஜெயித்துவிட்டது. முன் சீட்டில் சார் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். காஜா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

"ஜெயிச்சிட்டோம்ணே" என்றான். வேனுக்குள் மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஜெயித்ததால் என் மேல் கோபமும் போயிருந்தது. ரேக் வைக்க அனுமதித்தது நான், அந்தத் தப்பு என்னுடையது என்று தனசேகர் சார் முதலில் சொல்லிவிட்டார். இனி யாரும் எதையும் முன்கூட்டிக் கட்டக் கூடாது என்றார். பிறகு என்னை முன்னால் கூப்பிட்டார். கை தட்டத் தயாராக எல்லோரும் நின்றார்கள். சார் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டில் ஏது பக்கிள் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதே பார்வை.

காஜாவைப் பார்த்தேன். வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினான். நேற்று அவன் பயந்தது சரி. நேற்று நான் அவன் இடத்தில் நின்றேன். ரிலீவர் எவ்வளவு நேரம்தான் நிற்பது? வேலை முடிந்தால் இடத்தை உரியவனுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும்.

"பாத்தது காஜா சார்" என்றேன். "ஏழுலதான் பாத்தோம். நான் எட்டுல கயித்த இஸ்தேன்."

கூட்டத்தில் நான் பேசிய முதல் பேச்சு அது. யாரும் கை தட்டவில்லை, புரிய நேரம் எடுத்தது. பேச்சிமுத்துதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏல, நீ பாத்தேன்னா நீயே இழுத்திருக்கலாம்லா? அண்ணாச்சிய எதுக்கு இழுக்கச் சொன்ன?"

காஜா அவனை நேராகப் பார்த்தான்.

"நான் இழுத்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

பேச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் வாய்க்கு வராத சொல் கிடையாது, ஆனால் அன்றைக்கு வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஷூவைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். தனசேகர் சார் அவசரப்படுத்தவில்லை. பிறகு காஜாவின் பக்கம் திரும்பி, அவரே முதலில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். லைன் தொடங்கியது.

அந்த சனிக்கிழமை இறுதி ஆட்டம், இலங்கையோடு. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சிமுத்து ஏழாவது இடத்துக்கே வந்து காஜாவைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டான். காஜா போனான், முதல் பெஞ்சில் உட்கார்ந்தான், தொண்டை கட்டும் வரை கத்தினான் என்று சொன்னார்கள். அதற்கு அவனுக்குக் கஷ்டமில்லை. அது வேறு நாடு.

அதன் பிறகு ஏழாவது இடத்துக்குப் புது மின்சார டூல் வந்தது. போல்ட் சரியாக இறுகவில்லை என்றால் லைன் தானாகவே நின்றுவிடும், கோடும் வேண்டாம், கயிறும் வேண்டாம். ஆட்களைக் குறைத்தார்கள், ரிலீவர்களையும் குறைத்தார்கள். எனக்கு முட்டி வலி. ஐம்பது தாண்டிய ஆட்கள் தாமாகப் போகலாம் என்று கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தபோது கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பேச்சிமுத்து அங்கேயே இருக்கிறான். காஜா ஒரகடத்தில் வேறு கம்பெனிக்குப் போய் லைன் லீடராக இருக்கிறான், கல்யாணமாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவையாவது பேசுவான்.

இதை எழுதத் தொடங்கிய அன்று அவனுக்கு போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் எங்கே பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"டூட்டிண்ணே. ஓவர்டைம் போட்டிருக்காங்க, நானே கேட்டு வாங்கிட்டேன். லீவு கேட்டவங்க நெறைய பேரு."

அன்று லைனில் நின்றபடி சொன்ன மாதிரியே இருந்தது.

"எப்போ வுடுவான்?" என்றேன்.

"ரெண்டு மணிக்குண்ணே. அப்பப் பாதிக்கு மேல முடிஞ்சிரும்."

"மீதி பாதி கீதுல்ல? நேரா நம்ம வூட்டுக்கு வந்துடு. அதுவரைக்கும் நான் டிவி போடல."

அவன் சிரித்தான். வருகிறேன் என்றான்.

மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி வரை யாரும் டிவியைத் தொடக் கூடாது, பக்கத்து வீட்டில் ஸ்கோர் கேட்கவும் கூடாது என்று. ஆட்டம் எனக்கு இன்றைக்கும் பாதிதான் புரியும். மீதியை அவன்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் எங்கள் வீட்டில் அளந்து பார்க்க ஆள் இல்லை.